110 மூட்டை நெல் எடை வானத்துக்கு ஏறியது எப்படித் தெரியுமா?

குமராட்சிப் பக்கத்துக் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ நெல் மூட்டைகள் மலைபோல் அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் 110 மூட்டைகளை மட்டும் எண்ணித் தனியே வையுங்கள். மொத்த எடை 4,400 கிலோ. நாலு ஆள் சேர்ந்து லாரியில் ஏற்றவே இடுப்பு ஒடிந்துவிடும், இல்லையா?

அதே எடையைத் தரையிலிருந்து கிளப்பி, கிட்டத்தட்ட 30,000 கி.மீ. உயரம் வரை எட்டும் பாதையில் கொண்டுபோய் விட முடியுமா? முடிந்தது! 2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.26 மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்விஎம்3 ராக்கெட், 4,410 கிலோ எடையுள்ள சிஎம்எஸ்-03 செயற்கைக்கோளைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. இந்தியக் கடற்படையின் தகவல்தொடர்புக்கான செயற்கைக்கோள் அது. இன்னொரு பெயர் ஜிசாட்-7ஆர்.

பறந்த நேரம்? சுமார் 16 நிமிடம்தான்! ஒரு உலை கொதித்துச் சோறு வடிக்கும் நேரம்கூட இல்லை! ஆனால் அந்த 16 நிமிடத்துக்கு நடந்த ஆயத்தம் இருக்கிறதே... படித்துப் பாருங்கள், மலைத்துப்போவீர்கள்!

நம்ம ஊருக்கு எவ்வளவு பக்கம் தெரியுமா?

குமராட்சிக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் நேர்கோட்டில் சுமார் 270 கி.மீ. மட்டுமே! பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் மோதும் அதே வங்கக் கடல்தான் ஏவுதளத்தின் காலடியிலும் மோதுகிறது. சென்னைக்குக் கொஞ்சம் வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவு அது. நாட்டின் ராட்சத ராக்கெட்டுகள் எல்லாம் நமக்கு ஒரே ராத்திரி பஸ் பயண தூரத்தில்தான் கிளம்புகின்றன!

எவ்வளவு உயரம்?

எல்விஎம்3 ராக்கெட்டின் உயரம் 43.5 மீட்டர். அதாவது 142 அடிக்கும் மேல்! சிதம்பரம் நடராஜர் கோயிலின் ஏழு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஏறத்தாழ அந்த உயரம்! அந்தக் கோபுரம் அப்படியே நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலே கிளம்பினால் எப்படி இருக்கும்? இதற்கு மக்கள் வைத்த செல்லப்பெயர் ‘பாகுபலி’. பொருத்தம்தானே?

ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோ?

கிளம்பும்போது ராக்கெட்டின் எடை சுமார் 642 டன். தூக்கிச் செல்லும் செயற்கைக்கோளோ 4.4 டன். கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ செயற்கைக்கோளை மேலே அனுப்ப, 145 கிலோ ராக்கெட் வேண்டும்! ராக்கெட்டின் எடையில் 85 சதவீதத்துக்கும் மேல் எரிபொருளும் அதை எரிய வைக்கும் பொருளும்தான். ஒரு படி நெல் கொண்டுபோக ஒரு வண்டி வைக்கோலை எரிப்பது மாதிரி!

‘ருக்மிணி’ யார் தெரியுமா?

2013 ஆகஸ்ட் 30, இந்திய நேரப்படி அதிகாலை. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான்-5 ராக்கெட்டில் ஜிசாட்-7 கிளம்பியது. நம் ராணுவத்துக்கென்றே தனியாக உருவான முதல் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் அதுதான். செல்லப்பெயர் ‘ருக்மிணி’. எடை 2,650 கிலோ. அதற்கு முன் நடுக்கடலில் நிற்கும் நம் போர்க்கப்பல்கள் பேசுவதற்கு, ‘இன்மார்சாட்’ என்ற வெளிநாட்டுச் செயற்கைக்கோள் சேவையை நம்பியிருந்தன. நம் வீட்டு ரகசியத்தை அடுத்த வீட்டுப் போனில் பேசியது போல!

60 கப்பல், 75 விமானம், ஒரே ஒரு ருக்மிணி!

2014இல் வங்கக் கடலில் மாபெரும் கடற்படைப் பயிற்சி. சுமார் 60 கப்பல்கள், 75 விமானங்கள். இத்தனையையும் ஒரே வலையில் கோத்துப் பேச வைத்தது எது தெரியுமா? ருக்மிணிதான்! அந்த வேலையை இன்னும் அதிகத் திறனோடு தொடரத்தான் சிஎம்எஸ்-03 வந்திருக்கிறது. இந்திய நிலப்பரப்பு முழுவதும், அதைச் சுற்றிப் பரந்த கடல் பரப்பும் இதன் பார்வைக்குள் அடக்கம்!

வான்படைக்கு? தரைப்படைக்கு?

அவர்களுக்கும் உண்டு! 2018 டிசம்பர் 19 அன்று ஜிஎஸ்எல்வி-எஃப்11 ராக்கெட்டில் ஜிசாட்-7ஏ ஏறியது. எடை 2,250 கிலோ. அது வான்படைக்கு. தரைப்படைக்காக ஜிசாட்-7பி என்ற செயற்கைக்கோளுக்கு 2023 மார்ச்சில் ஒப்பந்தம் போடப்பட்டது. மதிப்பு எவ்வளவு தெரியுமா? 2,963 கோடி ரூபாய்!

ஏன் அவ்வளவு உயரம்?

இதுபோன்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோளின் நிரந்தர வீடு, நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில்! ஏன் அந்தக் கணக்கு? அந்த உயரத்தில் சுற்றினால் பூமி ஒரு சுற்று சுற்றும் நேரத்தில் செயற்கைக்கோளும் ஒரு சுற்று முடிக்கும். நமக்கு அது துருவ நட்சத்திரம் போல ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். ஆனால் உண்மையில் மணிக்கு 11,000 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்! கப்பலிலிருந்து ஒரு சொல் அங்கே ஏறி, மறுபடி தரைக்கு இறங்க எவ்வளவு நேரம்? சுமார் கால் விநாடிதான்!

உலுக்கு, சுடு, உறைய வை!

புது மணப்பெண்ணைப் போல் செயற்கைக்கோளைப் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அதற்கு முன் படுத்தும் பாடு கொஞ்சமில்லை! ராக்கெட் அதிர்வதுபோல் உலுக்குவார்கள். காதைக் கிழிக்கும் ஒலி நிறைந்த அறையில் நிறுத்துவார்கள். காற்றை முழுக்க உறிஞ்சிய பெரிய கலத்துக்குள் வைத்து, ஒருமுறை சூடாக்குவார்கள், ஒருமுறை உறைய வைப்பார்கள். ஏன் இந்தச் சித்திரவதை? மேலே போன பிறகு ஒரு திருகாணி கழன்றாலும் போய் முடுக்க ஆள் கிடையாதே!

சாலையில் ஊர்வலம்!

பெங்களூருவில் பிறக்கும் இந்தச் செயற்கைக்கோள்கள் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு எப்படி வருகின்றன தெரியுமா? பெரும்பாலும் சாலை வழியே! தூசி புகாத, வெப்பம் ஏறாத தனிப் பெட்டகத்துக்குள் வைத்து, பாதுகாப்பு வண்டிகள் புடைசூழ வருவார்கள். விண்வெளியில் விநாடிக்கு 10 கி.மீ. பாயப்போகும் பொருள், தரையில் ஆமை நடை நடக்கிறது!

பூமியிலேயே விண்வெளி உடை!

செயற்கைக்கோளுக்குள்ளும் எரிபொருள் நிரப்ப வேண்டும். அது கொடிய நஞ்சு! மூச்சில் ஏறினாலே ஆபத்து. அதனால் நிரப்புகிறவர்கள் தலை முதல் கால் வரை மூடிய உடை அணிந்து, தனிக் குழாயில் வரும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள். பார்த்தால் நிலவில் இறங்கிய வீரர்கள் என்றே நினைப்பீர்கள்!

விநாடிக்கு 75 மூட்டை!

ராக்கெட்டின் இரு பக்கமும் இரண்டு தடித்த தூண்கள் தெரியுமே, அவைதான் எஸ்200. ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கும் மேல் திட எரிபொருள். உலகின் மிகப்பெரிய திட எரிபொருள் உந்திகளின் வரிசையில் இவற்றுக்கும் இடம் உண்டு! இரண்டும் சேர்ந்து சுமார் 400 டன்னை ஏறத்தாழ 130 விநாடியில் எரித்துத் தீர்த்துவிடும். அதாவது ஒவ்வொரு விநாடியும் 3 டன்! நம்ம கணக்கில் விநாடிக்கு 75 மூட்டை! ‘ஒன்று’ என்று சொல்லி முடிப்பதற்குள் 75 மூட்டை சாம்பல்!

பற்ற வைத்தால் அணைக்க முடியாது!

இன்னொரு திகில் தெரியுமா? திட எரிபொருளுக்கு ‘நிறுத்து’ என்கிற பொத்தானே கிடையாது! கார்த்திகை தீபத்துச் சொக்கப்பனை மாதிரி. பற்றிக்கொண்டால் எரிந்துதான் அடங்கும். இந்த எரிபொருளை ஸ்ரீஹரிகோட்டாவிலேயே தயாரித்து, மாவை அச்சில் வார்ப்பதுபோல் துண்டு துண்டாக வார்த்து இறுக வைக்கிறார்கள். ஒரு எஸ்200 உந்தி என்பது மூன்று துண்டுகளின் சேர்க்கை. வார்க்கும்போது உள்ளே விரிசல் விழுந்துவிடக் கூடாது. அதைப் படம் பிடித்துப் பார்த்துத்தான் ‘சரி’ சொல்வார்கள்!

நடுவில் இருக்கும் இன்ஜின் தரையில் எரியாது!

நம்ப முடிகிறதா? எல்விஎம்3 கிளம்பும்போது நடுவில் இருக்கும் எல்110 பகுதி சும்மா இருக்கும்! பக்கத்துத் தூண்கள் இரண்டுமே மொத்த 642 டன்னையும் தூக்கிக்கொண்டு போகும். கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் ஆகும்போது, வானத்தில் பறந்துகொண்டிருக்கையில்தான், நடுப்பகுதியின் இரண்டு ‘விகாஸ்’ இன்ஜின்கள் பற்றிக்கொள்ளும்! அதுவும் தீக்குச்சி இல்லாமல்! இரண்டு திரவங்கள் தொட்டுக்கொண்டாலே குபீர் என்று நெருப்பு!

மகேந்திரகிரி தெரியுமா?

இந்த விகாஸ் இன்ஜின்களைச் சோதித்துச் சான்று தரும் இடம் எது தெரியுமா? திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி! மலையடிவாரத்தில் இன்ஜினைக் கட்டிப்போட்டு, நெருப்பைக் கக்க விட்டுப் பார்ப்பார்கள். கடுங்குளிர் எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் இன்ஜினுக்கும் இங்கேதான் பரீட்சை. இங்கே தேறினால்தான் ஸ்ரீஹரிகோட்டா! வானத்தில் கேட்கும் விகாஸ் இன்ஜினின் உறுமல் நெல்லைச் சீமைக்குப் பழக்கம்!

ஒரு குடம், ஒரு கிலோ!

ராக்கெட்டின் உச்சிப் பகுதி சி25. கிரையோஜெனிக் இன்ஜின் இருப்பது இதில்தான். அதில் 28 டன் திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும். ஹைட்ரஜன் திரவமாக இருக்க வேண்டுமானால் குளிர் எவ்வளவு தெரியுமா? மைனஸ் 253 டிகிரி! ஆக்சிஜனுக்கு மைனஸ் 183. வைகாசி வெயிலில் நாம் வதங்குவது 40 டிகிரியில்! இன்னொரு விந்தை கேளுங்கள். 15 லிட்டர் குடம் நிறையத் தண்ணீர் பிடித்தால் 15 கிலோ. அதே குடம் நிறையத் திரவ ஹைட்ரஜன் பிடித்தால்? கிட்டத்தட்ட ஒரே ஒரு கிலோ! இதை முன்கூட்டியே நிரப்பி வைக்கவும் முடியாது, ஆவியாகிப் பறந்துவிடும். கவுண்டவுன் ஓடும்போதுதான் நிரப்புவார்கள்!

தேர் மாதிரி நகரும் ராக்கெட்!

ஆனித் திருமஞ்சனத்தில் சிதம்பரத்துத் தேர் நிலையை விட்டு அசையும் அந்த நொடி நினைவிருக்கிறதா? ராக்கெட்டும் அப்படித்தான்! கூடத்துக்குள் அடுக்கடுக்காகப் பூட்டி முடித்ததும், நின்ற கோலத்திலேயே, நகரும் மேடையில், தண்டவாளத்தின் மேல் மெல்ல மெல்ல ஏவுதளம் போய்ச் சேரும். செயற்கைக்கோள் உச்சியில் ஏற்றப்பட்ட நிலையில் இந்த ராக்கெட் ஏவுதளம் வந்த நாள், 2025 அக்டோபர் 26.

இரண்டே நாளில் புயல்!

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள்! அக்டோபர் 28 இரவு ‘மோந்தா’ புயல் அதே ஆந்திரக் கடற்கரையைக் கடந்தது! ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வடக்கே தள்ளிப் போனாலும், ஐப்பசி மழைக்காலம் சும்மா விடுமா? ஆயத்த நாட்களில் வானிலை அவ்வளவாக ஒத்துழைக்கவில்லை என்று இஸ்ரோ தலைவரே சொன்னார். சம்பா நட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நின்ற நம் விவசாயிகளைப் போலவே, ராக்கெட் விஞ்ஞானிகளும் அந்த வாரம் மேகத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள்!

5 விநாடி இருக்கும்போது ‘நில்!’

கவுண்டவுன் தொடங்கிவிட்டால் ராக்கெட் கிளம்பியே தீரும் என்றா நினைக்கிறீர்கள்? 2019 ஜூலை 15 அன்று சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிடம் இருக்கும்போது நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து, 22ஆம் தேதி பறந்தது! 2013 ஆகஸ்டில் ஜிஎஸ்எல்வி-டி5 கிளம்ப 74 நிமிடம் இருக்கும்போது எரிபொருள் கசிவு! அது 2014 ஜனவரியில்தான் பறந்தது. உச்சம் எது தெரியுமா? 2023 அக்டோபர் 21. ககன்யான் சோதனை ராக்கெட்டைக் கணினி நிறுத்தியபோது மிச்சம் இருந்தது வெறும் 5 விநாடி! கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, அன்று காலையிலேயே ஏவியும் விட்டார்கள்!

13க்கு இடமில்லை!

பிஎஸ்எல்வி ராக்கெட் வரிசையில் சி12 உண்டு. சி14 உண்டு. சி13 எங்கே? கிடையவே கிடையாது! தேடினாலும் கிடைக்காது! ஏவுவதற்கு முன் ராக்கெட்டின் சிறு மாதிரியைத் திருப்பதி ஏழுமலையான் பாதத்தில் வைத்து வணங்கும் வழக்கமும் உண்டு. சூளூர்ப்பேட்டை செங்காளம்மன் கோயிலிலும் வழிபாடு நடக்கும். கணக்கு பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள், கை கூப்பியும் நிற்கிறார்கள்!

கடலுக்கும் வானத்துக்கும் பூட்டு!

ராக்கெட் கிளம்பும் நாளில் வானத்தில் ஒரு பகுதி விமானங்களுக்கு மூடப்படும். கழன்று விழும் பகுதிகள் விழப்போகும் கடல் பரப்புக்கும் முன்னறிவிப்பு போய்விடும். அன்று பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குள் போகக் கூடாது! இன்னொரு பக்கம், இஸ்ரோ உருவாக்கிய கருவிகள்தான் இன்று தமிழ்நாட்டு விசைப்படகுகளில் இருந்து செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் செய்தி சொல்கின்றன. புயல் எச்சரிக்கை நடுக்கடலுக்கு வருவதும், ஆபத்து என்ற குரல் கரைக்கு வருவதும் அந்த வழியில்! ஒரு நாள் வலையை மடக்கி வைத்த கைகளுக்கு விண்வெளி திருப்பித் தரும் கடன் இது!

திண்ணையில் உட்கார்ந்தபடியே 1,640 கி.மீ.!

நீங்கள் இப்போது என்ன வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள் தெரியுமா? குமராட்சித் திண்ணையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும், பூமி சுழல்வதால் மணிக்கு சுமார் 1,640 கி.மீ. வேகத்தில் கிழக்கே போகிறீர்கள்! நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் போகப் போக இந்த வேகம் கூடும். ராக்கெட்டைக் கிழக்கு நோக்கி ஏவுவது இதற்காகத்தான். பூமித்தாய் கொடுக்கும் இலவச உந்து விசை! விநாடிக்கு சுமார் 450 மீட்டர் வேகம் செலவே இல்லாமல் கிடைக்கிறது!

சிதம்பரத்துக்கு இரண்டு விநாடி!

செயற்கைக்கோளை ராக்கெட் கைவிடும்போது அதன் வேகம் விநாடிக்கு சுமார் 10 கி.மீ.! அந்த வேகத்தில் ஒரு பஸ் ஓடினால், குமராட்சியில் ஏறி உட்காருவதற்குள் சிதம்பரம் வந்துவிடும். இரண்டு விநாடிகூட ஆகாது! டிக்கெட் கிழிக்க நேரம் இருக்காது!

வேலை முடிந்த பிறகும் ஒரு சோதனை!

சிஎம்எஸ்-03ஐ இறக்கிவிட்டதும் ராக்கெட்டின் வேலை முடிந்ததா? இல்லை! கிரையோஜெனிக் இன்ஜினின் எரி அறையை வானத்திலேயே மறுபடி பற்ற வைத்துப் பார்த்தார்கள். வெற்றி! ஒரே பயணத்தில் வெவ்வேறு பாதைகளில் செயற்கைக்கோள்களை இறக்கிவிட நாளைக்கு இது உதவும். மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியில் புது மாட்டைப் பழக்கியது போல!

45 கிலோ தள்ளு, 4 டன் நகரும்!

இறக்கிவிட்ட இடத்திலிருந்து 35,786 கி.மீ. உயரத்து வட்டப் பாதைக்குச் செயற்கைக்கோள் தானே ஏற வேண்டும். இந்தியச் செயற்கைக்கோள்களில் அதற்கு வழக்கமாக இருக்கும் இன்ஜினின் தள்ளு விசை 440 நியூட்டன். அதாவது, 45 கிலோ எடையைத் தூக்கும் அளவு பலம்! ஒரு மூட்டையைத் தூக்கும் பலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மூட்டைகள் நகர்கின்றன! உராய்வு இல்லாத வெளியில் மெல்லத் தள்ளினாலே போதும், பொறுமை மட்டும் வேண்டும்!

காணாமல் ‘நகர்ந்த’ செயற்கைக்கோள்!

உலகக் கதை ஒன்று! 1969 நவம்பரில் பிரிட்டன் தன் படைகளுக்காக ‘ஸ்கைநெட்-1ஏ’ செயற்கைக்கோளை ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு மேலே நிறுத்தியது. சில வருடத்தில் அது செயலிழந்தது. இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? பூமியின் இன்னொரு பக்கம், அமெரிக்கக் கண்டங்களுக்கு மேலே! யாரோ உத்தரவு கொடுத்து நகர்த்தியிருக்க வேண்டும். யார்? ஏன்? உறுதியாகச் சொல்லும் பதிவு கிடைக்கவில்லை!

ராணுவச் செயற்கைக்கோளில் லாரி டிரைவர் அரட்டை!

பிரேசில் நாட்டில் நடந்த கூத்து தெரியுமா? அமெரிக்கக் கடற்படையின் பழைய செயற்கைக்கோள்களை, கைவேலைப்பாட்டில் மாற்றிய ரேடியோக்களை வைத்துக்கொண்டு லாரி ஓட்டுநர்களும் மற்றவர்களும் ஓசியில் பயன்படுத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள்! 2009இல் பிரேசில் போலீஸ் வளைத்துப் பிடித்தது 39 பேரை! இன்றைய ராணுவச் செயற்கைக்கோள்களில் பேச்சைச் சங்கேதமாக்கிப் பூட்டி அனுப்புவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

தமிழ் வழியில் படித்தவர் தலைமையில்!

சிஎம்எஸ்-03 பறந்தபோது இஸ்ரோவின் தலைவர் வி. நாராயணன். கன்னியாகுமரி மாவட்டத்து மேலக்காட்டுவிளை கிராமத்தில் பிறந்தவர். தமிழ் வழிப் பள்ளியில் படித்தவர். கிரையோஜெனிக் இன்ஜின் நிபுணர்! வான்படையின் ஜிசாட்-7ஏ பறந்தபோது தலைவராக இருந்த கே. சிவனும் அதே கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்! குமராட்சிப் பள்ளிக்கூடத்தில் இன்றைக்குக் கரும்பலகையைப் பார்த்து எழுதும் பிள்ளைகளே, கேட்கிறதா?

அன்று மாட்டு வண்டி, இன்று பாகுபலி!

கடைசியாக ஒன்று. 1981இல் ஏவப்பட்ட ‘ஆப்பிள்’ இந்தியாவின் முதல் சோதனைத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள். எடை 670 கிலோ. அதன் ஆன்டெனாவைச் சோதிக்கும்போது சுற்றிலும் இரும்பு இருக்கக் கூடாது. லாரி என்றால் முழுக்க உலோகம். என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு மாட்டு வண்டியைக் கூப்பிட்டார்கள்! மரப்பலகையில் செயற்கைக்கோளை ஏற்றி, திறந்த வெளியில் நிறுத்திச் சோதித்தார்கள்! சோதனையும் ஜெயித்தது, படமும் உலகப் புகழ் பெற்றது!

அந்த ஆப்பிளை மேலே தூக்கிப் போனது ஐரோப்பிய ராக்கெட். 2013இல் ருக்மிணி போனதும் ஐரோப்பிய ராக்கெட்டில்தான். 2025இல் சிஎம்எஸ்-03? நம்ம கடற்கரையில், நம்ம ராக்கெட்டில்! அன்றைய தேதிக்கு இந்திய மண்ணிலிருந்து இந்த உயரப் பாதைக்குப் போன தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களிலேயே அதிக எடை கொண்டது இதுதான்!

நீங்களும் பார்க்கலாம், தெரியுமா?

அடுத்த முறை ‘மாலையில் எல்விஎம்3 ராக்கெட் ஏவுகிறார்கள்’ என்று செய்தி வந்தால், குமராட்சியில் மொட்டை மாடிக்கோ கொள்ளிடக் கரைக்கோ போங்கள். மேகம் விலகியிருந்தால், கிளம்பிய இரண்டாவது நிமிடத்தில் வடகிழக்கே, தொடுவானத்துக்குச் சற்று மேலே தேடுங்கள். அப்போது ராக்கெட் பல பத்து கிலோமீட்டர் உயரத்தில் ஏறியிருக்கும். ஒரு நெருப்புப் பொட்டு கண்ணில் பட்டதா? விநாடிக்கு 75 மூட்டை எரிந்துகொண்டிருக்கிறது என்று பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்! அது கண் விரித்து ‘அப்படியா!’ என்று கேட்கும் பாருங்கள்... அடுத்த ராக்கெட்டுக்கான ஆயத்தம் அந்த இடத்திலேயே தொடங்கிவிட்டது!